மட்கார்டுக்கு வெளியே

அக்டோபர் 22, புதன்

தீபாவளி முடிந்தும் வாசலில் வெடிக் குப்பை அப்படியே கிடக்கிறது. என்னால் கூட்ட முடியாது. இடது காலில் முட்டிவரை மாவுக்கட்டு. பாண்டீஸ்வரிக்கு நேரமில்லை. அவள் ஏலக்காய்க் கடைக்குக் காய் பொறுக்கப் போய்விட்டாள். படுத்துக் கிடப்பவன் வாயைத் திறந்தால் வீட்டில் சண்டைதான் வருகிறது. அதனால் எழுதுகிறேன். டைரி, டயர் வாங்கிய கடையில் சும்மா கொடுத்தது.

காலையில் ஸ்டாண்டுத் தலைவர் மொக்கச்சாமி அண்ணன் போன் செய்தார். மழையில் அறுந்துபோன மலை ரோட்டைச் சரிசெய்துவிட்டார்களாம். கார்த்திகை முதல் தேதி திறக்கிறார்கள். பாறை முனைக்குச் சூரிய உதயம் பார்க்க வரும் கூட்டத்தை ஏற்றிப் போவதுதான் எங்கள் ஜீப் ஸ்டாண்டின் பிழைப்பு. திறக்கிற அன்று வரிசையில் நிற்காத வண்டியின் முறை, காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும். யாருக்காகவும் இதை மாற்றியதில்லை. இப்போது காத்திருப்பவன் சீனிராசு. வண்டி வாங்கி, தினமும் கழுவித் துடைத்து, எவன் முறை காலியாகும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அண்ணன் இன்னொன்றும் சொன்னார். மலை அடிவாரச் செக்போஸ்ட் கேட்டில் புதிதாகப் பலகை வைத்திருக்கிறார்களாம். டயர் மட்கார்டுக்கு வெளியே நின்றால் வண்டியை மேலே விடமாட்டார்களாம். கல்லும் சேறும் வாரி அடிக்கிறதாம்.

என் டயர் கொஞ்சம் வெளியே நிற்கும். கொஞ்சம்தான். ஆயுத பூஜைக்குப் புதிதாக மாட்டியது. அகல டயர் என்றால் அப்படித்தான் இருக்கும், அதுதான் அதற்கு அழகு. பழைய டயரையும் ரிம்மையும் அதே கடையில் கொடுத்துவிட்டேன், திரும்ப மாட்டவும் வழியில்லை. மட்கார்டு விளிம்பில் ஒரு பட்டையை வைத்து அகலப்படுத்திவிட்டால் முடிந்தது. அதற்கு ஃப்ளேர் என்று பெயர். ஒரு மணி நேர வேலை.

அக்டோபர் 25, சனி

நான் போனில் பார்த்து வரவழைத்த ஃப்ளேர் வந்தது. மெல்லிய கறுப்பு ரப்பர். விளிம்பில் அழுத்தினால் கவ்விக்கொள்ளும். கண்ணுக்கு மை தீட்டிய மாதிரி அவ்வளவு பாந்தம். என்னைக் கட்டிலோடு ஜன்னல் பக்கம் நகர்த்திவிட்டுப் பாண்டீஸ்வரியே மாட்டினாள். நான் இங்கிருந்து சொல்லச் சொல்ல, அவள் நான் சொல்லாத விதமாகவே மாட்டினாள். ஆனாலும் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டது.

மாட்டி முடித்துச் சக்கரத்துக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை.

டயர் இன்னும் வெளியேதான் தெரிந்தது. ஒரு விரல் அளவு இருக்கலாம். கேட்டில் தெரிந்த பையன்தான் நிற்பான், பேசிக்கொள்ளலாம் என்றேன். அவள் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். வண்டிச் சாவி என் தலையணைக்கு அடியில் இருக்கும். யார் கேட்டாலும் நான்தான் எடுத்துத் தருவேன். படுத்துக் கிடந்தாலும் வண்டி என்னுடையது.

அக்டோபர் 27, திங்கள்

மழை. மொக்கச்சாமி அண்ணனும் ஸ்டாண்டு ஆட்களும் என்னைப் பார்க்க வந்தார்கள். ரொட்டி, ஆரஞ்சுப் பழம், கூடவே சீனிராசு. அவன் என் காலைப் பார்த்ததைவிட ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்ததுதான் அதிகம்.

வந்ததிலிருந்து ஒரே கேலி. பொண்டாட்டி கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்தால் கால் தப்பாது என்றான் ஒருவன். ஓட்டிப் பழகுகிறேன் என்று சொல்லியே காலை வாங்கிவிட்டாள் என்றான் இன்னொருவன். நானும் சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்வது. பாண்டீஸ்வரி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். கேட்காமல் இருந்திருக்க மாட்டாள், வீடே ஒரு ரூம்தான்.

போகும்போதுதான் அண்ணன் விஷயத்துக்கு வந்தார். கார்த்திகைக்குள் என்னால் கிளட்சை மிதிக்க முடியாது, வண்டியை யார் எடுப்பார்கள் என்று கேட்டார். லைசென்ஸ் பாண்டீஸ்வரியிடம் இருக்கிறது என்றேன். இரண்டு வருடமாக தன் கூடப்பிறந்த அண்ணனின் காய்கறி வண்டியைச் சந்தைக்கு ஓட்டுகிறவள்தான்.

"லைசென்ஸு கெடக்கட்டும் போதுராசு. புருசன் காலையே பாக்காத பிள்ள, சவாரி ஏறி வர்ற பத்து உசுர எப்பிடிப் பாக்கும்? ஸ்டாண்டுல கேக்க மாட்டாய்ங்களா?"

எனக்கு அந்த நேரம் பார்த்து விக்கல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

ஒன்று மட்டும் இங்கே எழுதிவைக்கிறேன். நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டார்கள். வண்டி காலில் ஏறிவிட்டது என்றேன். யார் ஓட்டியது என்று கேட்டார்கள். பாண்டீஸ்வரி என்றேன். இதில் எது பொய்?

அக்டோபர் 29, புதன்

பாண்டீஸ்வரி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வண்டியை டவுனில் ரபீக் கடைக்குக் கொண்டுபோனாள். ரபீக் ஜீப்புக்குப் பாடி கட்டுகிறவன். அங்கிருந்து வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினான். ஃபைபர் ஃப்ளேர். நல்ல அகலம். சுற்றிலும் போல்ட் தலை வரிசை. டயரைச் சுத்தமாக மூடியது.

எனக்குப் பிடிக்கவில்லை. பளபளப்பு அதிகம். கல்யாண வண்டி மாதிரி இருக்கிறது. ஒரு பாறையில் இடித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும், கழற்றிவிடு என்றேன். நொறுங்கும் என்பதை ரபீக்கும் ஒத்துக்கொண்டான். "ஆனா அக்காவுக்குப் புடிச்சிருக்குண்ணே" என்றான். மலையில் ஓட்டுவது அக்காவா என்று கேட்டேன். கேட்ட பிறகுதான், ஆமாம் அவள்தான் என்று ஞாபகம் வந்தது. ரபீக் போனை வேறு பக்கம் திருப்பிவிட்டான். கொஞ்ச நேரம் அவன் கடைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 30, வியாழன்

போனில் நாள் முழுக்கத் தேடினேன். எந்த ஃப்ளேரும் பிடிக்கவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

இன்று சண்டை.

என்னைக் கேட்காமலேயே ரபீக்கிடம் முன் இடது மட்கார்டில் மட்டும் தகடு வளைத்துப் பற்றவைத்துக்கொண்டு வந்துவிட்டாள். இரும்பு, நொறுங்காது என்றாள். ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கச் சொன்னேன். ஒடித்தாள். டயர் தகட்டில் உரசி, பன்றியைப் பிடித்த மாதிரி கத்தியது. விளிம்பும் கத்தி மாதிரி இருக்கிறது. ஏறி இறங்குகிற சவாரியின் முழங்காலைக் கிழித்துவிடும். நான் சொன்னேன் பார்த்தாயா என்றேன். சந்தோஷமாகக்கூட இருந்தது.

அவள் இன்ஜினை அணைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்து நின்றாள். கையெல்லாம் கிரீஸ்.

"ஒங்களுக்கு ஃப்ளேரு பிடிக்கலயா, இல்ல நான் ஓட்டுறது பிடிக்கலயா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க. நான் பாட்டுக்குக் காய் பொறுக்கப் போறேன்."

காபி ஆறிப்போச்சு என்று சொன்னேன். டம்ளரை எடுத்துக்கொண்டு போனவள் மறுபடி கொண்டுவரவில்லை.

தகட்டைச் சாயங்காலமே ரபீக் கடையில் அறுத்து எடுத்துவிட்டார்கள். மட்கார்டில் தழும்பு நிற்கிறது. கார்த்திகைக்குப் பதினைந்து நாள்தான் இருக்கிறது, நாங்கள் இன்னும் பட்டை தேடிக்கொண்டிருக்கிறோம். எனக்கு யார்மேல் கோபம் என்றே தெரியவில்லை. எல்லார் மேலும்தான்.

நவம்பர் 4, செவ்வாய்

அன்று நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள்.

ஆயுத பூஜை கழிந்த வாரம். ரோடு மூடியிருந்ததால் சவாரி கிடையாது. மலை வண்டி ஓட்டிப் பழகட்டும் என்று பாண்டீஸ்வரியைக் கூட்டிப்போனேன். கேட்டுக்கு இந்தப்பக்கமே பாறைத் திருப்பம் இருக்கிறது. ஸ்டாண்டில் எல்லோரும் அங்கேதான் பழகியவர்கள். அந்த இடத்தில் டிரைவருக்கு இடது பக்கச் சக்கரம் தெரியாது. ஒரு ஆள் இறங்கி, வண்டியைப் பார்த்தபடி சக்கரத்துக்குப் பக்கத்திலேயே பின்னோக்கி நடந்து கை காட்ட வேண்டும். டிரைவர் ரோட்டைப் பார்க்கக் கூடாது, கையை மட்டும் பார்க்க வேண்டும். கை காட்டுகிறவன் தன் காலைப் பார்க்க மாட்டான். மட்கார்டு விளிம்புதான் அளவு. அதிலிருந்து நாலு விரல் தள்ளிக் கால் வைத்தால் போதும். எத்தனையோ வருடமாக நடந்து காலுக்கே அது மனப்பாடம்.

அவளும் என் கையைத்தான் பார்த்தாள். ஒடி என்றபோது ஒடித்தாள், நிறுத்து என்றபோது நிறுத்தினாள். நானும் நாலு விரல் தள்ளித்தான் வைத்தேன்.

டயர் இரண்டு விரல் வெளியே நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும். ஸ்டியரிங் ஒடித்திருக்கும்போது சக்கரத்தின் மூக்கு இன்னும் கொஞ்சம் வெளியே வரும். இரண்டு விரல் மூன்று விரலாகும். அவ்வளவுதான். மலையில் இதெல்லாம் நடக்கிறதுதான்.

கத்தியது நான். அழுதது அவள். ஆஸ்பத்திரி போகிற வழியெல்லாம், நீங்க நிறுத்துன்னதும் நிறுத்திட்டேனே, நிறுத்திட்டேனே என்று சொல்லிக்கொண்டே ஓட்டினாள். வலியில் நான் ஆமாம் என்று சொல்லவில்லை.

வலி போன பிறகும் சொல்லவில்லை என்று அவள் நினைக்கலாம். கேட்டால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

நவம்பர் 8, சனி

கல் குவாரியில் ஜல்லி ஏற்றும் பெல்ட் இருக்கிறதே, பழசாகிப் போனதில் ஒரு துண்டை வாங்கி, சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு வந்து இறக்கினாள். உள்ளே துணி வைத்த கனத்த ரப்பர். ஜல்லியே கிழிக்க முடியாதது பாறையில் கிழியாது, இடித்தால் மடங்கிக்கொள்ளும், உரசினாலும் கத்தாது என்றாள். யார் சொல்லிக்கொடுத்தது என்றேன். சந்தைக்குப் போகும் லாரிகளின் பின்சக்கரத்தில் தொங்குகிறதே, பார்த்ததில்லையா என்றாள். நான் தினமும் பார்க்கிறேன். ஜீப்புக்கு மாட்டலாம் என்று தோன்றவில்லை.

வாசலிலேயே வேலை. சோப்புத் தண்ணீர் தொட்டுத் தொட்டு ரம்பத்தில் அறுத்தாள். அறுப்பதற்கு முன் அளவெடுத்தாள். ஸ்டியரிங்கை ஒடித்து வைத்துவிட்டு, மட்கார்டு விளிம்பிலிருந்து டயரின் வெளிப்பக்கம் வரை விரல்களை வரிசையாக வைத்தாள். ஜன்னல் வழியாக எனக்குத் தெரியும்படிதான் வைத்தாள். வேண்டுமென்றே வைத்தாளா என்று தெரியவில்லை. விரல்களை அகட்டி வைத்தாள் என்று நினைக்கிறேன்.

எருமைக் காது மாதிரி இருக்கிறது, இதை மாட்டிக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனால் சிரிப்பார்கள் என்றேன். மெல்லிய ரப்பரையே திரும்ப மாட்டிவிடு, கேட்டில் சமாளிக்கலாம் என்றேன்.

"அது டயர மூடாதுங்க."

"மூடலைன்னா என்ன? ஆளு பாக்க வண்டி லட்சணமா இருக்கணும்ல."

அவள் ரம்பத்தைக் கீழே வைத்தாள். மாவுக்கட்டைப் பார்த்தாள். அப்புறம் மறுபடி அறுக்க ஆரம்பித்தாள். இதற்கு அவள் திட்டியிருக்கலாம்.

நவம்பர் 12, புதன்

மாவுக்கட்டை எடுத்துவிட்டார்கள். கால் வேறு யாருடையதோ மாதிரி வெளுத்துச் சூம்பிக் கிடக்கிறது. விரல்கள் மடங்கவில்லை. கம்பு ஊன்றி நடக்கலாம், வண்டி ஓட்டுவதைப் பொங்கலுக்கு அப்புறம் யோசிக்கலாம் என்றார் டாக்டர். அவரிடமும் எரிந்து விழுந்தேன். அவர் என்ன செய்வார்.

நவம்பர் 15, சனி

நாலு சக்கரத்துக்கும் எருமைக் காது ஏறிவிட்டது. கம்பு ஊன்றி ஒரு சுற்று சுற்றிவந்தேன். குறை சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். ஒரு போல்ட் கோணலாக இருந்தது. அதைச் சொன்னேன்.

அவள் கேட்டுக்கு ஓட்டிப்போய்க் காட்டிவிட்டு வந்துவிட்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லையாம்.

ஆனால் ஸ்டாண்டில் கேட்டார்கள். மொக்கச்சாமி அண்ணன் சாயங்காலம் போனில் சொன்னார்: திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் பாண்டீஸ்வரி பாறைத் திருப்பத்தை ஏற்றிக் காட்ட வேண்டும். ஏற்றிவிட்டால் முறை எங்களுக்கு. இல்லையென்றால் சீனிராசு வரிசையில் நின்றுகொள்வான். நியாயம்தானே என்றார். நியாயம்தான் என்றேன்.

அவள் சக்கரத்துக்குப் பக்கத்தில் யார் கை காட்டுவார்கள் என்று கேட்டேன். கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

நவம்பர் 16, ஞாயிறு

ஒருத்தனும் வரமாட்டேன் என்கிறானாம். காலை எவன் கொடுப்பான் என்கிறார்களாம். பாண்டீஸ்வரி இன்று சாப்பிடவில்லை. நானும் இரண்டு வாய்தான்.

நவம்பர் 17, திங்கள். கார்த்திகை 1

விடியும் முன்பே குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்து கை நீட்டினாள். தலையணைக்கு அடியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன். நானும் வருகிறேன் என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை. பக்கத்து சீட்டில் என்னை ஏற்றிவிட்டுக் கம்பைப் பின்னால் போட்டாள்.

பாறைத் திருப்பத்தில் மொத்த ஸ்டாண்டும் நின்றது. சீனிராசு தன் வண்டிக்கு மாலையே போட்டுவிட்டான். ஃப்ளேரைப் பார்த்து நாலு பேர் சிரித்தார்கள். நான் அன்றைக்கே சொன்னேன், சிரிப்பார்கள் என்று.

அண்ணன் கூட்டத்தைப் பார்த்து யார் கை காட்டப் போவது என்றார். ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். ஒருவன் செல்போனை எடுத்தான். பாண்டீஸ்வரி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்றுதான் எழுத வேண்டும், வேறு வார்த்தை இல்லை.

நான் இறங்கினேன். கம்பை எடுத்துக்கொண்டு முன் இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் வண்டியைப் பார்த்து நின்றேன். நாலு விரல் தள்ளி இடது காலை வைத்தேன். அதே கால்.

கண்ணாடி வழியாக அவள் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நான் கையைத் தூக்கினேன். கையைத் தூக்கிவிட்டால் டிரைவர் வேறு எதையும் பார்க்கக் கூடாது. அவளுக்கு அது தெரியும்.

வா என்றேன், வந்தாள். ஒடி, ஒடித்தாள். பாறைமேல் சக்கரம் ஏறி வண்டி என் பக்கம் சாய்ந்தபோது கூட்டத்தில் யாரோ அய்யோ என்றது கேட்டது. எருமைக் காது என் முழங்காலில் முட்டி, மடங்கி, என்னை மெல்லப் பின்னால் தள்ளியது. கால் தானாக நகர்ந்தது. சக்கரம் அதற்கு உள்ளேயே உருண்டு போனது. நிறுத்து என்றேன். சொல்லி முடிக்கும் முன் நின்றுவிட்டாள். அன்றைக்கும் இப்படித்தான் நிறுத்தினாள்.

மூன்று தடவை முன்னும் பின்னும் எடுத்து மேலே ஏற்றிவிட்டாள். நான் நொண்டிக்கொண்டே பின்னோக்கி நடந்து முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மொக்கச்சாமி அண்ணன் பக்கத்தில் வந்தார். "ஒடிஞ்ச காலையே திரும்பக் கொண்டுபோய் வைக்கிறியே, ஒனக்குப் பயமா இல்லையாப்பா?"

"இப்பத்தான் டயரு உள்ள இருக்குல்லண்ணே" என்றேன்.

வாய்தவறித்தான் வந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். அப்புறம் குனிந்து, ஒடித்தபடி நின்ற சக்கரத்தின் மேல் ஃப்ளேருக்கு அடியில் கையை விட்டார். மட்கார்டு விளிம்பிலிருந்து விரல் விரலாக வைத்துப் பார்த்தார். நாலு விரல் முழுசாகப் போனது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. எல்லோரும் கை காட்டிப் பிழைத்தவர்கள், நாலு விரல் என்றால் என்ன என்று ஒருத்தருக்கும் விளக்க வேண்டியதில்லை. சீனிராசுவே தலையைக் குனிந்துகொண்டான்.

அண்ணன் நிமிர்ந்து என்னைத் தாண்டிப் போனார். அது அடித்ததைவிட மோசமாக இருந்தது. வண்டியைச் சுற்றிப் போய் டிரைவர் பக்கம் நின்றார்.

"தங்கச்சி, நாளைக்கு ஒன் வண்டி ஏழாவது முறை. நேரத்தோட வந்துரு."

உன் வண்டி என்றார்.

இறங்கும்போது பாதி வழியில் பாண்டீஸ்வரி ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அழுத மாதிரி இல்லை. நான் கம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ நிறுத்தத்தான் செய்தாய் என்று சொன்னேன். "தெரியும்" என்றாள்.

நவம்பர் 18, செவ்வாய்

முதல் சவாரி போய்விட்டு மத்தியானம் வந்தாள். மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பமாம், அந்தப் பொம்பளைப் பிள்ளை இறங்கும்போது இவளோடு போட்டோ எடுத்துக்கொண்டதாம். பின்பக்கம் ஒரு போல்ட் கழன்றுவிட்டது, வாங்கிவைக்கச் சொன்னாள். கோணலாக இருந்த அதே போல்ட். நான் அன்றைக்கே சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன்.

சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். தலையணையை நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். சாவியைக் கொடுக்கவில்லை. தன் பைக்குள் போட்டு, பையைத் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.

நான் கேட்கவில்லை. கம்பை எடுத்துக்கொண்டு போல்ட் வாங்கக் கிளம்பினேன்.